ஒரு வருஷம் தென்காசியில வேலையா? ஓகே சொல்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க!

மேனேஜரிடமிருந்து ஒரு கால். "ஒரு வருஷம்தான்... தென்காசி ஆபீஸ்ல இருந்து வொர்க் பண்ண முடியுமா? யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க."

போனை வைத்ததும் முதலில் கூகுள் மேப்பைத் திறப்பீர்கள். அடுத்து இன்ஸ்டாவில் குற்றாலம் ரீல்ஸ். அருவி, சாரல், மேகம் இறங்கிய மலை, பிரானூர் பார்டர் பரோட்டா. 'அட, சம்பளமும் கொடுத்து லீவுக்கும் அனுப்புறாங்களே' என்று மனசு சொல்லும். பத்து நிமிடம் கழித்து அம்மாவிடம் சொன்னால், "அவ்ளோ தூரம் எதுக்குடா? அங்க யாரு இருக்கா நமக்கு?" என்பார்.

ரெண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதி பாதியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஐ.டி வேலை எப்படி அருவிக்கரைக்கு வந்தது?

போன தலைமுறைக்கு ரூட் மேப் ரொம்ப சிம்பிள். தென்காசி, கடையம், சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளைகள் படித்து முடித்ததும் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறுவார்கள். இன்னும் சிலர் கேரளாவுக்கும் வளைகுடாவுக்கும் போவார்கள். ஊரில் மிஞ்சுவது விவசாயம், கடை, பீடி சுற்றுகிற பெண்கள், கேரளாவுக்குக் காய்கறி ஏற்றுகிற பாவூர்சத்திரம் மார்க்கெட்.

அந்த ரூட்டில் ஒரு யூ-டர்ன் போட்டது ஜோஹோ. 2011-ல் தென்காசியில் சின்னதாக ஆரம்பித்து, பிறகு பக்கத்தில் உள்ள மத்தளம்பாறை கிராமத்தில் அலுவலகம் வளர்ந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அமெரிக்காவை விட்டு மத்தளம்பாறைக்கே குடிவந்தார். அதே 2019 நவம்பர் 22-ம் தேதி, திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டம் ஆனது. அடுத்த வருஷம் கொரோனா வந்து, 'லேப்டாப் இருக்கிற இடமே ஆபீஸ்' என்று எல்லோரும் கற்றுக்கொண்டோம். 2025 செப்டம்பரில் 'அரட்டை' ஆப் நாடு முழுக்க டிரெண்ட் ஆனபோது, தென்காசி என்கிற பெயர் இன்னொரு முறை நேஷனல் நியூஸில் அடிபட்டது.

இது ஒரு கம்பெனி கதை மட்டுமல்ல. விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி என்று தமிழக அரசும் 2024-ல் வரிசையாக மினி டைடல் பூங்காக்களைத் திறந்தது. அதாவது, 'கொஞ்ச நாள் ஒரு சின்ன ஊருக்குப் போய் வேலை பார்க்கிறீங்களா?' என்கிற கேள்வி உங்களுக்கு இன்று வராவிட்டால், நாளை வரலாம். முன்பெல்லாம் 'ஆபீஸ் தூரம்' என்றால் தாம்பரம், ஆவடி. இப்போது அது 600 கிலோமீட்டர் தாண்டியும் இருக்கலாம்.

செலவு குறையும்தான்... ஆனா அது பாதிக் கணக்கு!

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் முதலில் சொல்வது, "அங்க வாடகை கம்மி ப்ரோ, செமயா சேவ் பண்ணலாம்." உண்மைதான். ஒரு உதாரணம் பார்ப்போம். சென்னையில் ஷேரிங் வாடகை, சாப்பாடு, டிராவல் எல்லாம் சேர்த்து உங்களுக்கு மாதம் 22,000 ரூபாய் ஆகிறது, புது ஊரில் 14,000-ல் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 8,000. வருஷத்துக்கு 96,000. (இது சும்மா ஒரு உதாரணக் கணக்கு. உங்கள் நம்பரை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.)

இதிலிருந்து கழிக்க வேண்டியதை யாரும் சொல்வதில்லை. மாதம் ரெண்டு முறை சென்னைக்குப் போய்வரும் டிக்கெட். புது ஊரில் வாங்கும் கட்டில், மெத்தை, அடுப்பு. பைக் இல்லாமல் முடியாது என்பதால் பெட்ரோல். சென்னை ரூமைக் காலி செய்யாமல் 'திரும்பி வரும்போது தேவைப்படுமே' என்று அங்கேயும் பாதி வாடகை கொடுத்தால், சேமிப்பு அங்கேயே காலி.

வரியையும் பாருங்கள். நீங்கள் பழைய வரி முறையில் இருந்து ஹெச்.ஆர்.ஏ விலக்கு வாங்குகிறவர் என்றால், அதைக் கணக்கிடும்போது சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவிகிதம் உச்ச வரம்பு. தென்காசி போன்ற ஊர்களுக்கு 40 சதவிகிதம்தான். வாடகையும் குறைவதால் விலக்கும் குறையும். புதிய வரி முறையில் இருந்தால் ஹெச்.ஆர்.ஏ விலக்கே கிடையாது, அதனால் இந்தக் கவலையும் இல்லை.

இவ்வளவு கழித்த பிறகும் கையில் காசு மிஞ்சும். அது பெரும்பாலும் நிஜம். ஆனால், அந்தக் காசு எதற்கு என்று முடிவு செய்யும் முன் இன்னொரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

பெரிய கேள்வி: நடுவுல வேலை போனா?

சென்னை ஓ.எம்.ஆரில் இருப்பவர் வேலை மாறினால் என்ன ஆகும்? ஷோழிங்கநல்லூரில் இறங்கியவர் சிறுசேரியில் இறங்குவார். அதே ரூம், அதே ரூம்மேட், அதே டீக்கடை. வேலை மட்டும்தான் மாறும்.

சின்ன ஊரில் அப்படி இல்லை. உங்கள் வேலைக்கு ஏற்ற கம்பெனிகள் அங்கே ஒன்றோ ரெண்டோதான் இருக்கும். அந்த வேலை சரிப்படவில்லை, புராஜெக்ட் முடிந்துவிட்டது, லே-ஆஃப் வந்துவிட்டது என்றால், வேலையோடு சேர்த்து வீடு, ஊர், பழகிய மனிதர்கள் எல்லாமே மாறும். 'வாடகை கம்மி' என்பதற்கு நீங்கள் கொடுக்கிற நிஜ விலை இதுதான். கல்யாணம் ஆனவர் என்றால் விலை இரட்டிப்பு. உங்களுக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் இருக்கும். உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ அந்த ஊரில் அவர் படிப்புக்கேற்ற வேலை இருக்குமா?

அதனால் சின்ன ஊரில் மிச்சமாகும் பணத்தை லாபம் என்று நினைத்து ஐபோன் இ.எம்.ஐ போட்டுவிடாதீர்கள். அதில் முதல் பங்கு உங்கள் 'ரிட்டர்ன் டிக்கெட்'. மூன்று மாதச் சென்னைச் செலவு, புது வீட்டு அட்வான்ஸ், சாமான் ஏற்றும் வண்டிக்கூலி. இந்த மூன்றும் சேரும் வரை அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. கையில் இது இருந்தால், பிடிக்காத வேலையில் பயந்துபோய் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டிய நாலு கேள்விகள்

வாய்வார்த்தையில் 'ஒரு வருஷம்தான்' என்பது எளிது. கீழே உள்ள நாலுக்கும் மெயிலில் பதில் வாங்குங்கள்.

1. எந்தத் தேதி வரை? 'புராஜெக்ட் முடியும் வரை' என்பது தேதி கிடையாது.

2. திரும்பி வரும்போது சென்னையில் சீட் இருக்கிறதா, அல்லது அப்போது பார்த்துக்கொள்ளலாமா?

3. சம்பளம் ஊரைப் பொறுத்து மாறுமா? இப்போது குறைத்தால், திரும்பி வரும்போது ஏற்றுவார்களா?

4. என் அப்ரைசலை எழுதப்போவது யார்? டீம் முழுக்க சென்னையில் இருந்து, நீங்கள் மட்டும் ஸ்க்ரீனில் ஒரு சதுரமாக இருந்தால், புரமோஷன் பேச்சு வரும்போது உங்கள் முகம் ஞாபகம் வருமா?

இதைக் கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். போகச் சொல்பவர்களுக்கு இது ஒரு வரி மெயில். உங்களுக்கோ ஒரு வருஷம்.

வீடு பார்க்கப் போறீங்களா?

தென்காசி டவுனா, குற்றாலமா, கிராமமா? ரீல்ஸ் பார்த்தவர்கள் குற்றாலம் என்பார்கள். ஆனால், குற்றாலம் சீசன் ஊர். அங்கே சீசன் மாதங்களில் தினவாடகைக்கு விட்டால் உரிமையாளருக்குக் கிடைப்பது வேறு, மாத வாடகை வேறு. அதனால், 'ஜூன், ஜூலையிலும் இதே வாடகைதானே? காலி பண்ணச் சொல்ல மாட்டீங்கள்ல?' என்பதை முதலிலேயே கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள். தென்காசி டவுனில் பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், ஆஸ்பத்திரி எல்லாம் பக்கம். டவுனிலிருந்து குற்றாலம் சுமார் 5 கிலோமீட்டர்தான். அருவி எங்கேயும் ஓடிப்போகாது.

தமிழ்நாட்டில் வாடகைக்கு என்று தனிச் சட்டம் இருப்பது பலருக்குத் தெரியாது. 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. 'வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை' என்பதை ரெண்டு முறை படியுங்கள். கையெழுத்துப் போடும் முன் பேப்பரைப் படிக்கச் சொல்வது அதனால்தான். பெண்கள் ஹாஸ்டலில் தங்குவதாக இருந்தால், மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கிய ஹாஸ்டலா என்று கேளுங்கள். 2014-ம் வருடச் சட்டப்படி அது கட்டாயம். இரவு ஷிப்ட் முடிந்து வர ஆபீஸ் வண்டி உண்டா என்பதையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்த்துவிடுங்கள். ராத்திரி 11 மணிக்குச் சென்னை மாதிரி ஆப்பில் தட்டினால் வண்டி வந்துவிடும் என்ற கணக்கு இங்கே வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். வீடு பார்க்கப் போனால், "தம்பிக்கு எந்த ஊரு? அப்பா என்ன பண்றாக? நீங்க என்ன ஆளுக?" என்று கேள்விகள் வரிசையாக வரும். முதல் ரெண்டும் அக்கறையாக இருக்கலாம். மூன்றாவது என்ன கேட்கிறது என்று உங்களுக்கே தெரியும். சென்னையிலும் இது உண்டு, 'வெஜிடேரியன் ஒன்லி' என்று டீசன்ட்டாக எழுதி வைத்திருப்பார்கள். சின்ன ஊரில் நேராகக் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. அந்தக் கேள்வி வராத வீட்டைக் கண்டுபிடிக்கக் கூட ஒரு வாரம் ஆகலாம். அதனால், முதல் பத்து நாள் தங்குவதற்கு ஆபீஸ் பொறுப்பில் இடம் கேளுங்கள். அவசரத்தில் பிடிக்கும் வீட்டில்தான் ஒரு வருஷமும் சகித்துக்கொண்டு இருக்க வேண்டியிருக்கும்.

சாரல் ரொமான்ஸும் ஈரத் துணியும்

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை கேரளாவில் பிடித்ததும், ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் இந்தப் பக்கம் வரும். செப்டம்பர் வரை இழுக்கும். மங்குஸ்தான், ரம்புட்டான் கடைகள் முளைக்கும். அந்த மூன்று மாதம் ஊர் உண்மையிலேயே சொர்க்கம்தான். கூடவே, துவைத்த துணி மூன்று நாள் காயாது. சனி, ஞாயிறு குற்றாலம் ரோட்டில் வண்டி நகராது. சென்னையில் உங்களை மறந்தே போன ஸ்கூல் ஃப்ரெண்ட் எல்லாம், "மச்சான், நீ அங்கதான இருக்க? அஞ்சு பேர் வர்றோம்" என்று கால் பண்ணுவார்கள்.

ஒரு சீரியஸான விஷயம். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்ததில் 17 வயது மாணவர் ஒருவர் இறந்தார். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடித்தாலும், மலைக்கு மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். டூரிஸ்ட்டாக வருபவர், 'இவ்ளோ தூரம் வந்துட்டோமே' என்று ரிஸ்க் எடுப்பார். நீங்கள் அங்கேயே குடியிருக்கிறீர்கள். குளிக்கத் தடை என்றால் அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம்.

சீசன் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். குற்றாலத்தில் பாதிக் கடைகள் மூடியிருக்கும். அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த ஊர் எப்படி இருக்கும் என்பதுதான், நீங்கள் வாழப்போகிற ஊர். முடிந்தால் ஓகே சொல்வதற்கு முன் ஒரு வார நாளில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வெள்ளிக்கிழமை ட்ரெயின்

தற்காலிகமாகப் போகிறவர்கள் எல்லோரும் விழுகிற பள்ளம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமையானால் பையைத் தூக்கிவிடுவது. சென்னைக்குப் பொதிகை இருக்கிறது, கொல்லம் மெயில் இருக்கிறது, வாரத்தில் சில நாள் சிலம்பு இருக்கிறது. ஒரு வழிக்கு ஏறக்குறைய 12 மணி நேரம். வெள்ளி சாயங்காலத்திலிருந்து திங்கள் காலை வரை இருக்கிற 60 மணி நேரத்தில் 24 மணி நேரம் ரயிலில் போய்விடும். திங்கட்கிழமை லாகின் பண்ணும்போது கண் எரியும்.

வாராவாரம் இப்படி ஓடினால், வருஷக் கடைசியில் உங்களுக்கு ரெண்டு ஊரும் இருக்காது. சென்னையில் நீங்கள் விருந்தாளி. தென்காசியில் நீங்கள் லாட்ஜில் தங்கியவர். மாதம் ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதனால் தீபாவளி, பொங்கலுக்கு 60 நாள் முன்னால் காலண்டரில் ஒரு அலாரம் வையுங்கள். உள்ளூர்க்காரர்கள் சென்னையிலிருந்து இங்கே வர அடித்துக்கொள்ளும் அதே நாளில், நீங்கள் எதிர்த்திசையில் போவீர்கள். சின்ன லக்!

அப்பா, அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனால்? விமானம் பிடிக்கத் தூத்துக்குடி, மதுரை, திருவனந்தபுரம் என மூன்று வாய்ப்புகள் உண்டு. மூன்றுமே மணிக்கணக்கில் பயணம். உங்களுக்கே பெரிய சிகிச்சை தேவை என்றால் திருநெல்வேலி போக வேண்டிவரலாம். இதையெல்லாம் யோசித்து வைப்பது அபசகுனம் இல்லை. ஒரு கார் டிரைவர் நம்பரும், பக்கத்து வீட்டு அக்கா நம்பரும் முதல் மாதமே போனில் இருக்க வேண்டும்.

ஓட்டு எந்த ஊரில்?

'கொஞ்ச நாள்தானே' என்று நாம் விட்டுவிடுகிற விஷயம் இது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19-ம் தேதி வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்களைவிட, முகவரி மாறியவர்கள், வீட்டில் இல்லாதவர்கள்தான் அதில் அதிகம். படிப்புக்கும் வேலைக்கும் ஊர் மாறி, எந்த முகவரியிலும் பிடிபடாமல் இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

சட்டம் நமக்கு எதிராக இல்லை. 1950-ம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, வழக்கமாக வசிக்கும் இடத்திலிருந்து ஒருவர் தற்காலிகமாக வெளியே போனார் என்பதற்காக மட்டும் அவர் அந்த இடத்தின் வாசி இல்லை என்று ஆகிவிடாது. ஆனால், வீட்டுக் கதவைத் தட்டுகிற அலுவலரிடம் அதைச் சொல்ல ஆள் வேண்டுமே! ஒரு வருஷம் என்றால் ஓட்டு சொந்த ஊரிலேயே இருக்கட்டும். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ஆன்லைனில் அவ்வப்போது பாருங்கள். அங்கேயே இருந்துவிடுவது என்று முடிவாகிவிட்டால் முறைப்படி மாற்றிக்கொள்ளுங்கள். ரெண்டு இடத்தில் பெயர் இருக்கக் கூடாது.

ஊர் உங்களை எப்படிப் பார்க்கும்?

தென்காசிக்கு, குறிப்பாகக் குற்றாலத்துக்கு, வெளியூர்க்காரர்கள் புதுசு இல்லை. வருவார்கள், குளிப்பார்கள், போவார்கள். அதனால் உங்களையும் முதலில் அப்படித்தான் பார்ப்பார்கள். ஆட்டோவில் டூரிஸ்ட் ரேட் சொல்வார்கள். ஆறாவது வாரம் அதே பலசரக்குக் கடையில் நின்றால், அண்ணாச்சி, "என்ன தம்பி, ரெண்டு நாளா ஆளக் காணோம், ஊருக்குப் போயிருந்தியளா?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்த நாளிலிருந்து நீங்கள் டூரிஸ்ட் இல்லை.

உங்கள் பக்கமும் ஒரு பொறுப்பு இருக்கிறது. சென்னைச் சம்பளத்தில் இருக்கும் நீங்கள், 'இதெல்லாம் ஒரு வாடகையா?' என்று கேட்ட காசைத் தூக்கிக் கொடுத்தால், அடுத்த வீட்டில் இருக்கும் ஸ்கூல் டீச்சருக்கும் ஜவுளிக்கடை ஊழியருக்கும் அதே வாடகையைத்தான் கேட்பார்கள். உங்களுக்கு ஒரு வருஷம். அவர்களுக்கு அது நிரந்தரம். தெருவில் நாலு பேரிடம் விசாரித்து, ஊர் வாடகையையே கொடுங்கள். காய்கறியை ஆப்பில் தேடாமல் சந்தையில் வாங்குங்கள். பக்கத்து வீட்டில் காலேஜ் படிக்கிற பையன், "அண்ணே, உங்க வேலைக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்டால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்தப் பையனுக்கு உங்களைப் போல வேலை வேண்டும். ஆனால் சென்னைக்குப் போகத்தான் வேண்டுமா என்று அவனும் யோசித்துக்கொண்டிருப்பான்.

அப்போ... போகலாமா, வேண்டாமா?

வேலை கற்றுக்கொள்ளக் கிடைக்கிறதா, தேதி எழுத்தில் இருக்கிறதா, திரும்பி வருவதற்கான பணத்தைச் சேர்க்க முடியுமா? இந்த மூன்றுக்கும் ஆமாம் என்றால் தைரியமாகப் போங்கள். மூன்றில் தேதிக்கு மட்டும் பதில் இல்லை என்றால், நீங்களே ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். போனில் ஒன்பதாவது மாதத்துக்கு ஒரு ரிமைண்டர்: 'தொடர்வதா, திரும்புவதா?'

தற்காலிகமாகப் போகிறவர்களுக்கு உண்மையில் நடக்கிற கெடுதல், ஊர் பிடிக்காமல் போவது இல்லை. முடிவே எடுக்காமல் நாள் ஓடுவது. திரும்பப் போகப்போறோமே என்று ஃப்ரிட்ஜ் வாங்காமல், யாரிடமும் பழகாமல், பெட்டியைப் பிரிக்காமல் மூன்று வருஷம் ஓட்டியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒரு வருஷம்தான் என்றாலும், அது உங்கள் இருபதுகளில் ஒரு வருஷம்.

போனதும் முதல் வேலையாகப் பெட்டியைப் பிரித்துவிடுங்கள். அம்மாவிடம், "ஆடி மாசம் வாங்கம்மா, சாரல் நல்லா இருக்கும்" என்று இப்போதே சொல்லிவையுங்கள்.